மிக் விமானத்துக்கு ஆயுத பூஜை

போன வாரம் என் விமானத்தின் கால் ஒடிந்துவிட்டது.

பதற வேண்டாம். அதன் நீளம் ஒரு முழம்கூட வராது. நிஜ மிக் போர் விமானத்தை நாற்பத்தெட்டு மடங்கு சுருக்கினால் என்ன அளவோ, அந்த அளவு பிளாஸ்டிக் மாடல். பெட்டியில் நூற்றுச் சொச்சம் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பது நம் பாடு. எனக்கு ஏழு மாதம் ஆனது.

ஐம்பத்திரண்டு வயதில், திண்டுக்கல்லில் கிளினிக் வைத்திருக்கிற ஒரு பல் டாக்டருக்கு இது தேவையா? நீங்கள் கேட்பதற்கு முன்பே என் சொந்தபந்தம் மொத்தமும் கேட்டு முடித்துவிட்டது. எங்கள் தெருவில் இன்னொரு டாக்டர் இருக்கிறார். தினமும் காலையில் ஷட்டில் ஆடுகிறார். 'உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்' என்று பாராட்டுகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஒட்டினால் மட்டும் 'பொம்மை விளையாட்டு'... இது என்ன நியாயம்?

உண்மையைச் சொல்கிறேன். பல் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சொத்தையைத் தோண்டித் தேய்ந்துபோன ஊசியால்தான் இறக்கையில் கோடு கீறுகிறேன். கிளினிக் கம்ப்ரஸரில் அழுத்தத்தைக் குறைத்து, பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஸ்பிரே செய்கிறேன். சாம்பல் நிறம், துளி பளபளப்பு இல்லாமல், நிஜ விமானம் மாதிரியே வந்திருந்தது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்த நாள் அது.

கோயம்புத்தூரில் மாடல் கண்காட்சி. போட்டியும் உண்டு. முதல் முறையாகப் பெயர் கொடுத்திருந்தேன். அதற்கு நான்கு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கிளினிக்கில் பூஜைப் பொறுப்பு பாக்கியத்தினுடையது. குஜிலியம்பாறைக்காரர். பன்னிரண்டு வருடமாக என் உதவியாளர். நாற்காலி, கம்ப்ரஸர், கருவிகளை வேகவைக்கும் பெட்டி, வாசலில் என் ஸ்கூட்டர் – எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தார். நான் பொரி வாங்க வெளியே போயிருந்தேன். அப்போதுதான் பின் அறையில் காய்ந்துகொண்டிருந்த மிக் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

மூக்கில் மூன்று பொட்டு. அதோடு விடவில்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்குகிற மாதிரி விமானத்தைத் தள்ளியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த அளவில் ஒரு எலுமிச்சம்பழம் பைலட்டைவிட உயரம்! முன் கால் தீக்குச்சி மாதிரி ஒடிந்தது. குங்குமமோ பெயின்டுக்குள் ஊறிவிட்டது. துடைத்தால் இன்னும் பரவியது.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பாக்கியம் அழுதார். ஆனால் தப்பு என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ரோட்டுல போற வண்டிக்கே பழம் வைக்கிறோம். வானத்துல போறதுக்கு வைக்காம உட்டா எப்புடி டாக்டரம்மா?"

 

பூஜைக்கு வந்திருந்த என் கணவரின் அண்ணன் – நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற பெரிய மாமா – இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து வந்தார். ஒடிந்த காலைப் பார்த்தார். பொரியில் ஒரு கை அள்ளிக்கொண்டு, தீர்ப்பு சொன்னார்.

"சகுனஞ் செரியில்லீங்க அம்மிணி. பூசையன்னைக்கே காலு ஒடிஞ்சிருக்குது. டாக்டருக்கு எதுக்குங்க பொம்மை? இதோட உட்டுருங்க."

என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கோபம் திசை மாறியது அப்போதுதான். பாக்கியம் அதை விமானம் என்று நம்பித்தான் பழம் வைத்தார். மாமாவுக்கு அது பொம்மை. இரண்டு பேரில் என் ஏழு மாத உழைப்பை மதித்தது யார்?

"விடப்போறதில்லைங்க மாமா. ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் போறேன்" என்றேன்.

கால் ஒடிந்ததெல்லாம் ஒரு விஷயமா? உடைந்த பல்லுக்குள் கம்பி இறக்கி நிமிர்த்துவதுதானே என் பிழைப்பு. துளையிட்டேன், கம்பி வைத்தேன், ஒட்டினேன். குங்குமக் கறைதான் சிக்கல். தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்க நாள் இல்லை. மூன்று நாளும் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்... மறைக்கவே போவதில்லை.

கறையின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் மூன்று பொட்டு வைத்தேன். அடியில் சந்தனம், மேலே குங்குமம். அடுத்து எலுமிச்சம்பழம். நாற்பத்தெட்டு மடங்கு சுருக்கினால் என்ன வரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடுகு! பாக்கியம் இருப்பதிலேயே பொடிக் கடுகாக மூன்று பொறுக்கிக் கொடுத்தார். மஞ்சள் அடித்து, நசுக்கி, மூன்று சக்கரத்துக்கும் அடியில் ஒட்டினேன்.

தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கண்காட்சியில் நடுவர் ஓர் இளைஞர். லென்ஸோடு குனிந்தவர் மூக்கில் நின்றுவிட்டார். 'பெயின்டில் கறை இருக்கிறதே மேடம்' என்றார். கறை இல்லை, குங்குமம் என்றேன். நிஜ விமானம் இப்படி இருந்ததற்கு ஆதாரப் படம் உண்டா என்று கேட்டார். போட்டிகளில் அதுதான் வழக்கமாம்.

இந்த விமானத்துக்கு என்னிடம் படம் இல்லை. போனை எடுத்தேன். என் ஸ்கூட்டர், கம்ப்ரஸர், எங்கள் தெரு ஆட்டோ, ஒரு ஜேசிபி... வரிசையாகக் காட்டினேன். "பூஜைக்குப் பொட்டு வைக்காத வண்டி ஒண்ணு நம்ம ஊர்ல காட்டுங்க, அழிச்சிடறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். சக்கரத்தடியில் கடுகைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு 'ஆதாரம் இல்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பரிசு கிடையாது. வருத்தமா? இருந்தது. திரும்பி வரும் வழியில் பழனி வரைக்கும் இருந்தது.

இப்போது மிக் என் கிளினிக் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பொம்மையை உள்ளே ஒளித்து வைத்துத்தான் பழக்கம். இனி இல்லை.

நேற்று பெரிய மாமா வந்தார். கடைவாய்ப் பல்லில் வலி. பொம்மை டாக்டரிடம்தான் வர வேண்டியிருந்தது! மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெட்டி முன்னால் வெகு நேரம் குனிந்து நின்றார்.

"சக்கரத்துக்கடியில மஞ்சளா என்னங்க அது?"

"எலுமிச்சம்பழம் மாமா."

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார், இன்னும் இதை நிறுத்தவில்லையா என்று.

அடுத்தது இரண்டு இன்ஜின் ஜெட். பாக்கியம் கடுகு எடுத்து வைத்துவிட்டார்.