சனிக்கிழமைச் சந்திப்பில் அன்ரன் கேட்டவை

நான் நீதிமன்றத்தில் குடும்ப ஆலோசகராக இருந்தபோது, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த தகப்பன் அன்ரன்தான். குருநகரில் படகு எஞ்சின் திருத்துபவர். அவர் தன்னை அடிக்கிறார் என்று முறைப்பாடு செய்துவிட்டு, மனைவி மெற்றில்டா ஏழு வயது மகள் ஷாலினியுடன் மயிலிட்டியில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தார். கை நீட்டவேயில்லை என்று அன்ரன் மறுத்தார். வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம், சனிக்கிழமைகளில் தகப்பன் எங்கள் அலுவலகத்தில் என் முன்னிலையில் பார்க்கலாம் என்பது இடைக்காலக் கட்டளை.

அன்ரன் கொய்யாப்பழம் கொண்டு வருவார். மகளை மடியில் இருத்தித் தலை பின்னிவிடுவார்.

"பாவம் மிஸ், தகப்பன் எண்டா உப்பிடியெல்லோ இருக்கோணும்" என்பார் எங்கள் கிளார்க்.

மெற்றில்டாவோ யாருடனும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போய் நிற்பார்.

வார இறுதியில் மகளைத் தன் வீட்டில் இரவு தங்க வைக்க அனுமதிக்க வேண்டும் என்று அன்ரனின் சட்டத்தரணி கேட்டார். நீதிபதி என்னிடம் றிப்போட் கேட்டார். அதனால் அந்தச் சனிக்கிழமை என் கதிரையை அவர்களுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டேன்.

அன்ரனின் கை மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தது. குரல் தாலாட்டுப் போல இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு ஆரோட போறனீங்கள் குஞ்சு?"

"ஓட்டோ மாமாவோட."

"அம்மாவும் ஏறுறவவோ? முன்னுக்கோ, பின்னுக்கோ? மாமா அம்மாவோட என்ன கதைக்கிறவர்?"

ஷாலினி கையிலிருந்த கொய்யாப்பழத்தை உருட்டிக்கொண்டு யோசித்தாள். அவர் திரும்பக் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நான் சொன்னா அம்மாவுக்குத் திரும்ப அடிப்பீங்களோ அப்பா?"

அன்ரனின் கை நின்றது. அந்தக் கேள்வியில் அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "அப்ப, சொல்லுறதுக்கு ஏதோ இருக்கு, என்ன?" என்றார்.

சந்திப்பை அதோடு நிறுத்தி, கிளார்க்குடன் பிள்ளையைத் தாயிடம் அனுப்பினேன். அன்ரன் எழுந்து என்னிடம் வந்தார்.

"மிஸ், உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஆரோ இருக்கிறான்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"காணேல்லை. காணாததுதான் கூடக் கொதிக்குது. வேலை செய்யேக்கையும் அந்த நினைப்புத்தான். இப்ப என்ரை பிள்ளையும் அவன்ரை ஓட்டோவில சிரிச்சுக்கொண்டு போகுது..." கதிரையில் அமர்ந்து அழுதார். நடிப்பில்லை. ஆனால் அந்த அழுகைக்குள்ளும் மெற்றில்டா பட்ட அடி பற்றி ஒரு சொல் வரவில்லை.

கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரவு தங்க அனுமதி கிடைக்கவில்லை. தாயைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பிள்ளையிடம் விசாரித்தால் சந்திப்பும் நிற்கும் என்று நீதிபதி நிபந்தனை போட்டார்.

அடுத்த முறை ஷாலினி அவர் மடியில் ஏறவில்லை, எதிரே இருந்தாள். அன்ரன் இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்து மூடினார். கடைசியில், "பள்ளிக்கூடத்தில என்ன படம் கீறினனீங்கள்?" என்று கேட்டார். அவருடைய சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அதை அவர் பிள்ளையிடம் இறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தகப்பனோ தாயோ பிள்ளையை எப்படிக் கொஞ்சுகிறார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். பதில் சொல்லுமுன் பிள்ளை எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று பாருங்கள்.