கேசட்டைக் குளிப்பாட்டியவன்

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவது என் தொழில். என்னை நிபுணன் என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை.

சினிமாவுக்கும் டிவி தொடர்களுக்கும் இசையமைத்த ஒருவர், தன் கேசட்டுகளையும் இசைக்குறிப்புத் தாள்களையும் காப்பாற்றித் தரும்படி கீழவாஞ்சூர் வீட்டுக்கு அழைத்தார். நிபுணனாகிய நான் முதல் வேலையாக ஈரத்துணியால் தூசியைத் துடைத்தேன். தூசியோடு லேபிள்களும் கழன்று வந்துவிட்டன. எந்த இசைக்கு எந்தத் தாள் என்று சொல்ல இனி வழியில்லை.

ஒரு கேசட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லா அழுகைக்கும் ஒரே வயலினத்தான் இழுத்திருக்கேன் தம்பி. எது எதுன்னு எனக்கே தெரியல."

சமையலறையில் மீன் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி குரல் கொடுத்தார். "அது சீரியல்ல மூத்த மருமக பெட்டியோட வெளிய போறப்ப வந்ததுங்க."

தாள்களைப் புரட்டினேன். ஒன்றின் தலைப்பில் 'மருமகள், பெட்டி' என்றிருந்தது. மாலைக்குள் எல்லாக் கேசட்டுக்கும் அந்த அம்மாவே பெயர் சொல்லிவிட்டார்.

"சீரியலே புடிக்காதுன்னியே," என்றார் கணவர்.

"சீரியல யாரு பாத்தா? நீங்க மெட்ராஸ்லயே கெடந்தீங்க. இங்க டிவியிலதான் உங்க சத்தம் கேட்டுச்சு."

கணவர் அந்த மருமகள் இசையை மறுபடி போடச் சொன்னார்.

இப்போது நான் ஈரத்துணியைத் தொடுவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், கேசட்டைப் போடுமுன் சமையலறைக் கதவைத் திறந்துவைக்கச் சொல்கிறேன்.