குளிர் மண்ணில் பெட்ரோல்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பெட்ரோல் பங்கில் கசிந்த பெட்ரோலை மண்ணின் நுண்ணுயிர்களே விரைவில் தின்று தீர்த்துவிடும் என்று தவறான அறிக்கை எழுதியவன் நான். சென்னை ஆய்வகத்தின் வெப்பத்தில் கிடைத்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டேன். லண்டன் மண்ணின் குளிரில் அவை மெதுவாகத்தான் தின்னும் என்று பின்னர் புரிந்தும் வாய் திறக்கவில்லை.

இன்று பங்கை ஒட்டிய தோட்டத்தில், கிணற்று நீரைக் கீரைக்கு ஊற்றும் யாழ்ப்பாணத்துக்காரர் யோகனிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் வாளியைக் கீழே வைக்கிறார்.

"அப்ப பெற்றோல் தண்ணியிலயோ ஐயா நாங்கள் கீரை வளத்தனாங்கள்?"

"இருக்கலாம். சோதித்துப் பார்க்கிறேன்."

"படிச்ச ஆள் நீங்கள். ஒரு போன் எடுத்திருக்க ஏலாதோ?"

நான் கிணற்று நீரைச் சோதனைக் குப்பியில் பிடிக்கிறேன்.

சோதனை முடிவு வருகிறது. பெட்ரோல் குறைந்திருக்கிறது, தீரவில்லை. அதை நானே உள்ளூர் கவுன்சிலுக்கு அனுப்புகிறேன். கிணற்றை மூடுகிறார்கள். யோகன் கீரையைப் பிடுங்கிக் குப்பைப் பையில் திணிக்கிறார்.

"சொன்னதுக்கு நன்றி ஐயா. இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."