பன்னிரண்டு வாளி மணல்

1. பீலியில் எண்ணெய்க்கட்டி

1961 ஜூன் 20, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. பெருமழை தொடங்கி ஒன்பதாவது நாள். முந்திய இருபத்து நான்கு மணி நேரத்தில் என் மழைமானியில் விழுந்தது நாலேகால் அங்குலம். மூடுபனியில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. றொசல்ல ஸ்டேஷனிலிருந்து இரண்டரை மைல் மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பின்புறம் குடையைப் பிடித்தபடி அந்த அளவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே நான் சனிட்டரி ஓவர்சியர். தோட்டத்து வாயில் 'ஓவசியர் ஐயா'.

கீழ்க்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து, செல்லம்மா படியேறி வந்தாள். கொழுந்து எடுப்பவள். பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டிய நேரத்தில் இடுப்பில் குடத்தோடு வந்தாள். குடத்தை என் காலடியில் வைத்தாள்.

"ஓவசியர் ஐயா, பீலியில கட்டிகட்டியா எண்ணெ வருதுங்க. ஆஸ்பத்திரியில யாரும் தேங்கா எண்ணெய தொலைச்சுட்டீங்களா?"

குடத்துக்குள் பார்த்தேன். வெள்ளைக் கட்டிகள் ஏழு. பெரியது கோழிமுட்டை அளவு. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டிகள் எந்தப் பெட்டியிலிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். அவை பீலிக்கு, லயத்து ஆட்கள் ஓடைத் தண்ணீர் பிடிக்கும் தூம்புக்கு, வந்துவிட்டன என்றால் அவற்றுக்குப் பின்னால் நிற்பவையும் வந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடித்தவை முப்பத்தெட்டு லயக்காம்பராக்கள், தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகள். ஆட்கள் இருநூற்றுப் பதினொருவர். துரை பங்களாவுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் மலை உச்சி ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக் கழிவுக்குக் கீழே குடித்தவர்கள் கொழுந்து எடுத்தவர்கள் மட்டும்தான். கழிவுத் தொட்டிக்கு இடம் குறித்த மனிதர் இதை யோசிக்கவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை.

2. தண்ணீர் போகும் வழி

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்காக அந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வார்டு, கக்கூஸ், குசினி மூன்றின் கழிவும் ஒரே குழாயில் இறங்கும். முதலில் ஸ்கிரீன்: அரை அங்குல இடைவெளியில் பதினேழு இரும்புக் கம்பிகள். கட்டுத்துணி, வாழையிலை, பஞ்சு எல்லாம் அதில் சிக்கும். வாரியால் வாரி எடுக்க வேண்டும். அடுத்தது கிரிட் சேனல், மணல் படியும் வாய்க்கால். பதினைந்து அடி நீளத்தில் பக்கம் பக்கமாக இரண்டு. ஒன்றைப் பலகையால் அடைத்து மணல் அள்ளும்போது மற்றது ஓடும். தண்ணீர் அதில் செக்கனுக்கு ஓரடி போக வேண்டும். வேகம் கூடினால் மணல் தப்பிப் போகும். குறைந்தால் மணலோடு மலமும் படிந்து நாறும். தினமும் ஒரு தீக்குச்சியைப் போட்டு எண்ணுவேன். பதினைந்து எண்ணும்போது குச்சி மறுமுனையில் இருந்தால் சரி.

மூன்றாவது கிறீஸ் ட்ராப். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியால் போகும். இங்கிலாந்தில் ஆட்டுக்கொழுப்புக்காகச் செய்த பெட்டி அது. எங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய். அட்டன் பக்கத்துக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். காலையில் அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். பெட்டியில் அது இரண்டங்குலப் பாளமாக உறையும். குசினிக்காரன் அதற்கு வைத்த பெயர் நெய்ப்பெட்டி. கடைசியில் செட்லிங் டேங்க்: ஆறடி ஆழத்தில் மற்றக் கசடெல்லாம் படிந்து, தெளிந்த தண்ணீர் கருங்கல் ஜல்லி வழியாக வெளியேறும்.

ஆஸ்பத்திரிக்கு மணல் எப்படி வந்தது என்று கேட்கலாம். பானை சட்டியைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்ப்பார்கள். அரிசிக் கல் வரும். முற்றம் கழுவுவார்கள். மழை பெய்தால் மலையே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும்.

இத்தனையையும் சுத்தம் செய்ய ஓர் ஆள். கருப்பன். பதிவேட்டில் வாசக்கூட்டி. வயது நாற்பத்தொன்று, மனைவி, பிள்ளைகள் நால்வர். வார்டுப் படிக்கட்டில் அவன் ஏறினால் ஆயா தண்ணீர் தெளிப்பாள். அதே ஆயா கழுவி விட்டதைத்தான் அவன் மார்பளவு இறங்கி அள்ளினான்.

3. நான் கொடுத்த எண்

அந்த வருடம் ஜனவரியில் துரை ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். கூட வந்த பெரிய கிளாக்கருக்கு ஒரு குறை இருந்தது. கருப்பன் பதினொரு மணிக்கே வேலையை முடித்து வீட்டுக்குப் போகிறான். கொழுந்துக்கு இத்தனை இறாத்தல், கவ்வாத்துக்கு இத்தனை செடி என்று எல்லாருக்கும் அளவிருக்கிறது. அளவு முடித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர்.

"மணல் அள்றவனுக்கு மட்டும் அளவில்லாம முழுப்பேரு போடுறோம், சார். நாளைக்கு மத்தவங்க கேப்பாங்க" என்றார்.

துரை என்னைப் பார்த்து, இவன் ஒரு நாளைக்கு எவ்வளவு அள்ளுகிறான் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் பிறந்தது போலிருந்தது. வேறு யாரும் கேட்காத கணக்குகள் என் நோட்டில் நிறைந்து கிடந்தன. பக்கத்தைப் புரட்டி, சராசரி பன்னிரண்டு வாளி என்றேன். துரை தலையசைத்தார். பன்னிரண்டு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். விஷயம் முடிந்தது.

நான் புரட்டியது நவம்பர் பக்கம். அந்த மாதம் இருபத்திரண்டு நாள் மழை. அது மழைக்காலக் கணக்கு என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. சொல்லவில்லை. துரை என் எண்ணை எடுத்துக்கொண்ட சந்தோஷத்தில் நின்றேன்.

ஜனவரி 23ஆம் திகதி புதிய அளவு தொடங்கியது. பனிவெயில் காலம். வாய்க்காலில் நாலு வாளி, ஐந்து வாளி. இருபத்து நான்கு வேலை நாளில் கருப்பனுக்குப் பத்தொன்பது அரைப்பேர். ஒருநாள் என்னிடம் வந்து, மணல் இல்லாமல் எப்படி அள்ளுவது என்று கேட்டான். கொழுந்து இல்லாத காலத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் அரைப்பேர்தானே என்று பதில் சொன்னேன். மணல் குறைவது நல்லதற்கு, கொழுந்து குறைவது கெட்டதற்கு என்ற வேறுபாடு ஒரு சனிட்டரி ஓவர்சியருக்கு அப்போது தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

பெப்ரவரி 20, திங்கட்கிழமை முதல் பன்னிரண்டு வாளி வரத் தொடங்கியது. நான் தினமும் ஒன்பது மணிக்கு வாய்க்கால் விளிம்பில் நின்று வாளிகளை எண்ணினேன். நூற்று மூன்று வேலை நாள். நூற்று மூன்று தடவை பன்னிரண்டு. ஒருநாள் கூடப் பதினொன்று இல்லை, பதின்மூன்று இல்லை. மணலும் நாறவில்லை, கழுவி எடுத்தது போல மின்னியது. நாறாத மணல் நன்றாக ஓடும் வாய்க்காலுக்கு அடையாளம் என்று என் புத்தகத்தில் இருந்தது. பென்சிலால் 'நன்று' என்று எழுதினேன். ஆற்று மணல் மின்னாமல் வேறென்ன செய்யும்?

4. கழி தொட்ட தரை

செல்லம்மாவை அனுப்பி, யாரும் பீலித் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று லயத்தில் சொல்லச் சொன்னேன். வாய்க்காலுக்கு ஓடினேன். இரண்டு வாய்க்காலும் நிரம்பி, இரு பக்கமும் வழிந்து, நேரே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. நெய்ப்பெட்டியின் மூடி மிதந்தது. கருப்பன் எனக்கு முன்பே அங்கிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, செட்லிங் டேங்கின் வாய்க்குழாயில் மூங்கிலை விட்டுக் குத்திக்கொண்டிருந்தான். மூங்கில் நகரவில்லை.

ஆஸ்பத்திரிக் குழாயை அடைத்தோம். புல்மேட்டுப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டி வழிந்ததைத் திருப்பினோம். டேங்கின் மூடியைக் கிளப்பி மேலே நின்றதை வாளியால் இறைத்தபோது, குழாயின் வாயை அடைத்துக்கொண்டு கறையான் புற்று மாதிரி ஒரு மேடு தெரிந்தது. மணல். மூன்றடி உயரம். பின்னால் அள்ளியபோது எண்ணினேன்: இருநூற்றுப் பதினான்கு வாளி.

மாதம் ஒருமுறை நான் அந்த டேங்கில் கழி இறக்கி அளந்தவன். கழியில் கறுப்பாக ஒட்டிய சேற்றை அளந்து, ஒன்பது அங்குலம், பத்து அங்குலம் என்று எழுதினேன். கழி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று ஒருமுறைகூட அளக்கவில்லை. அடியில் கெட்டியாகத் தட்டியது, தரை என்று எடுத்துக்கொண்டேன். அது கருப்பனின் மணல்.

"இவ்வளவு மணல் எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீங்கதானுங்க கேட்டீங்க."

விஷயம் இதுதான். விடியும் முன் ஓடையில் மணல் அள்ளி, சாக்கில் கட்டி, எண்பத்தாறு படி ஏறி, குசினிக்குப் பின்னால் உள்ள மேன்ஹோலில் கொட்டியிருக்கிறான். அள்ளிய மணலைக் குவிக்கும் மேட்டில் நேரே கொட்டியிருக்கலாம். ஆனால் நான் வாய்க்கால் விளிம்பில் நின்றல்லவா எண்ணினேன்? வாய்க்காலுக்குள்ளிருந்து வந்தால்தான் என் கணக்கில் வாளி. அதனால் உள்ளே போட்டு, உள்ளேயிருந்து எடுத்தான். பொடிமணல் நிற்காமல் ஓடி டேங்கில் படிந்தது. மழை பெய்து பதினைந்து வாளி சேர்ந்த நாளில் மூன்றை நாளைக்கு என்று விட்டு வைத்தான். அதுவும் ஓடியது.

அந்த வாரம் கீழ்க்கணக்கில் இருபத்து மூன்று பேருக்கு வயிற்றோட்டம். பிள்ளைகள் ஒன்பது. ஒரு பிள்ளையைத் தவிர எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். சாவு என்ற இடத்தில் மட்டும் என்னால் சைபர் போட முடிந்தது.

5. விசாரணை

வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை. துரை நாற்காலியில், பெரிய கிளாக்கர் பக்கத்தில், நான் சுவரோரம், கருப்பன் வாசலுக்கு வெளியே, மழையில். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சங்கத்தின் தோட்டத் தலைவருக்கு அவன் ஆள் அனுப்பியிருந்தான். கக்கூஸ் வேலைக்காரனுக்காகச் சங்கம் வேலையை நிறுத்துமா என்று அவர் கேட்டதாகப் பதில் வந்தது.

பத்துச்சீட்டு, வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு, ஏற்கனவே டைப் அடித்து மேசையில் இருந்தது. அவனுக்குப் பத்துச்சீட்டு என்றால் கொழுந்து எடுக்கும் அவன் மனைவிக்கும் பத்துச்சீட்டு, லயக்காம்பரா போகும், ஆறு பேரும் ரோட்டில். எந்தத் தோட்டம் அவனை எடுக்கும்? தண்ணீரைக் கெடுத்தவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெரிய கிளாக்கர் கேட்டார்:

"மணலைக் கொண்டாந்து கொட்டுனியா, இல்லையா?"

"கொட்டுனேங்க."

"திருட்டு வேலை செஞ்சு பேரு வாங்கியிருக்க."

"திருடலீங்க. ஆத்துலேருந்து அள்ளி வாய்க்கால்ல போட்டேன். வாய்க்கால்லேருந்து அள்ளி மேட்டுல போட்டேன். ரெண்டு தடவ அள்ளுனதுக்கு ஐயாமாரு ஒரு பேருதான் போட்டீங்க."

கருப்பன் என்ன சொல்கிறான் என்று துரை என்னைக் கேட்டார். வரி பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். துரையின் முகம் சிவந்தது.

நான் நோட்டை மேசையில் வைத்தேன். நவம்பர் மழை ஒரு பக்கம், பெப்ரவரி மழை எதிர்ப் பக்கம். பன்னிரண்டு என்ற எண் என்னுடையது, தப்பான மாதத்திலிருந்து எடுத்தது என்றேன். மணல் இல்லை என்று இவன் என்னிடம் சொன்னான், நான் விரட்டினேன் என்றேன். டேங்கின் ஆழத்தை அளக்காதவனும் நான் என்றேன். அந்த அளவுக்கு உத்தரவு போட்ட மனிதரும், அதைக் கேட்டு வாங்கிய மனிதரும் காய்ந்த உடுப்போடு உட்கார்ந்திருக்க, அதன்படி சாக்குச் சுமந்தவன் நனைந்துகொண்டு நின்றான்.

மருத்துவ அதிகாரிக்குப் போகும் அறிக்கையில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும் என்றார் துரை. என் பெயரை எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். அளவுக்கு உத்தரவிட்டவர் பெயரும் அதில் வர வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் இடமில்லை என்றார் பெரிய கிளாக்கர். முக்கால் பக்கம் வெள்ளையாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பத்துச்சீட்டைக் கிழித்தார்கள். கருப்பன் வேலையில் இருந்தான். பன்னிரண்டு வாளி அளவும் அன்றோடு போனது. பத்தொன்பது அரைப்பேரை முழுப்பேராக்கக் கேட்டு நாலு கடிதம் எழுதினேன். பதில் ஒன்றுக்கும் இல்லை. என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். கருப்பன் வாங்கவில்லை.

"வச்சுக்குங்க ஐயா. அதுல நீளமா ஒரு கழி வாங்குங்க."

வாங்கினேன். எட்டடிக் கழி. ஒவ்வோர் அங்குலமும் கோடு போட்டு, ஓய்வு பெறும்வரை அதால்தான் அளந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. எவ்வளவு அள்ளினான் என்று எண்ணாதீர்கள். உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். மணல் இல்லாத நாள்தான் நல்ல நாள். அந்த நாளுக்கு அரைப்பேர் போடுகிறவன் தன் கையாலேயே தொட்டியை அடைக்கிறான்.

என் சம்பள உயர்வை அந்த மாதமே நிறுத்தினார்கள். பிறகு திருப்பித் தரவில்லை. மாதம் எட்டு ரூபா வீதம், 1961 ஜூலை முதல் ஓய்வு பெற்ற 1975 செப்டம்பர் வரை நூற்று எழுபத்தொரு மாதம்: ஆயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு ரூபா. கழிக்கு மூன்று ரூபா ஐம்பது சதம். ஆக மொத்தம் ரூபா 1,371.50.