ஆறு அமைதியாக இருந்த வாரங்கள்

தேன்மொழிக்கு செனாயில் வேலை. மின்பலகைகள் செய்யும் தொழிற்சாலையில், கிடங்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று காட்டும் இணையப் பக்கங்களை எழுதுகிறாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

வீடு ஆற்றின் கீழ்ப்போக்கில் ஸ்கூடாயில், ஆற்றோரத் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில். அப்பா ஐயாசாமியும் அவளும் மட்டும். அவர் லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை. கனத்த உடம்பு, சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். வீட்டுக்கு மாடி கிடையாது. வாசலில் படிகள்.

அந்த வரிசையில் மற்றவர்களுக்கு வெள்ளம் என்றால் சோபா, குளிர்பெட்டி, கார். அவளுக்கு வெள்ளம் என்றால், இரண்டு ஆண்கள் வந்து சேர ஆகும் நேரம்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் மனோகரன் முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவர்தான் ஆரம்பித்தார்.

"தேனு, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை நீ. ஒரு ஆப் செஞ்சு குடும்மா. ஆறு ஏறுனா எல்லார் போன்லயும் கத்தணும்."

"கத்துறது லேசு அங்கிள். எப்பக் கத்தணும்னு அதுக்குத் தெரியணும்."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்லா."

ஆற்றுப் பாலத்தின் தூணில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சரைப் பொருத்தினார்கள். சின்ன சூரியத் தகடு, ஒரு சிம் அட்டை. கைப்பேசியில் ஒரு வட்டம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. இவை எளிது. தூணுக்கும் கைப்பேசிக்கும் நடுவில் ஒன்று வேண்டும். அளவை வாங்கி, வைத்துக்கொண்டு, ஆபத்தா இல்லையா என்று முடிவுசெய்து, எல்லாருக்கும் அனுப்பும் ஒன்று. யாரும் பார்க்காத பகுதி அதுதான். அதை எதில் அமைப்பது என்றுதான் அவள் பல நாள் யோசித்தாள்.

தம்பி யுகேந்திரனுக்கும் இதே தொழில், சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் கேட்டாள்.

"சொந்தமா ஒரு செர்வர் எடுத்துக்கக்கா. சின்னது போதும். எப்பவும் முழிச்சிருக்கும்."

"அது முழிச்சிருக்கணும்னா நானும் முழிச்சிருக்கணும். அப்பாவோட ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கம்பெனி செர்வர்ல எவனோ பூந்துட்டான். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தனும் பாக்கல."

"நான் பாத்துக்குறேன்."

"நீ சிங்கப்பூர் பாலத்துக்கு அந்தப் பக்கம். இமிகிரேஷன் வரிசையில நீ நகர்றதுக்குள்ள இங்க தண்ணி கூரைக்கு வந்துரும்."

"வாய் மட்டும் குறையவே இல்ல."

அவள் ஆயத்தமாகக் கிடைக்கும் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எங்கோ வெளிநாட்டில் வேறு யாரோ அதைப் பராமரிக்கிறார்கள். பூட்டுப் போடுவதும் ஓட்டை அடைப்பதும் அவர்கள் வேலை. அப்பாவுக்கு மறுபடி முடியாமல் போய் அவள் வார்டில் உட்கார நேர்ந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அவள் தேவைப்படாத ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது.

இலவசத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு வாரம் சென்சரிலிருந்தோ கைப்பேசிகளிலிருந்தோ எதுவும் வராவிட்டால் தளம் அந்த நடுப்பகுதியை ஓய்வில் வைத்துவிடும். உரியவர் வந்துதான் எழுப்ப வேண்டும். அவள் அதைப் படித்தாள். யுகேந்திரனும் படித்தான்.

"இது ஒரு மாதிரி இருக்குக்கா."

"தாமானே பாக்கப் போகுது. ஆத்தப் பாக்காம இவங்களுக்குச் சோறு எறங்குமா? ஒரு வாரம் யாரும் தொடாம இருப்பாங்களா?"

எல்லைப் பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் அவன் கிளம்ப வேண்டியிருந்தது.

இன்னொரு முடிவையும் எடுத்தாள். வெயில் வராத டிசம்பர் நாட்களில் சென்சரின் பேட்டரி செத்துப்போயிற்று. ஓயாமல் அளவை அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். தண்ணீர் ஒரு சாணாவது ஏறினால் அல்லது இறங்கினால் மட்டும் பேசும்படி மாற்றினாள். மற்ற நேரம் அது பேசாது. பேட்டரி பிழைத்துக்கொண்டது.

இரண்டு முடிவுகளும் தனித்தனியாகச் சரி.

ஜனவரி மழையில் அலாரம் முதல் தடவை அடித்தது. காலையில் மஞ்சள். மனோகரனும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து ஐயாசாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவர் தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய தேநீர், கேட்டு வாங்கிக் குடித்தார். மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நனைந்தது தரை மட்டும்.

பொங்கலன்று மண்டபத்தில் தேன்மொழிக்குச் சால்வை போட்டார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். மனுசரைவிட முன்னாலேயே இது சொல்லிவிடும் என்று சொன்னாள். கைதட்டினார்கள். பிறகு மனோகரன் எழுந்து ஒரு விதி சொன்னார்.

"இனிமே வாட்சாப்ல தண்ணி வருது தண்ணி வருதுன்னு யாரும் கெளப்பிவிடக் கூடாது. போன தடவை ஒருத்தர் சும்மா போட்ட மெசேஜ்ல ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு. அலாரம் அடிச்சா ஓடுவோம். அடிக்கலன்னா சும்மா இருப்போம்."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பாலத்தடியில் அப்பம் விற்கும் ராசம்மா முன்பெல்லாம் ஆற்றின் நிறம் மாறினால் குரல் கொடுப்பாள். அவளும் நிறுத்திவிட்டாள்.

தைப்பூசம் போயிற்று. சீனப் புத்தாண்டு போயிற்று. மழை நின்றது. கரையில் புல் காய்ந்து மஞ்சளானது. ஆறு மெலிந்து, ஒரே மட்டத்தில், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செயலியை யாரும் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும், ஆபத்தென்றால் அதுவே கூப்பிடும். தேன்மொழியும் திறக்கவில்லை. சென்சரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

யாரும் தொடாத நாட்களைத் தளம் எண்ணிக்கொண்டிருந்தது. தளத்தின் எச்சரிக்கை, சங்கத்தின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சலுக்கு வந்தது. அந்த மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை. தளம் அந்த நடுப்பகுதியை ஓய்வில் வைத்தது. கைப்பேசிகளில் கடைசியாக வந்த நிறம் அப்படியே நின்றது. பச்சை.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், செனாயில் வானம் கறுத்தது. தொழிற்சாலைக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்து மேசை விஜிதா பேசியது கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் டயர்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேன்மொழி கைப்பேசியைப் பார்த்தாள். பச்சை. மூச்சு விட்டாள். அப்புறம்தான் வட்டத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். போன மாதத் தேதி.

அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அங்க மழையாப்பா?"

"மழையா? வெயில் பல்லக் காட்டுது. துணியெல்லாம் மொறமொறன்னு காஞ்சு கெடக்கு."

தளத்தைத் திறந்தாள். ஓய்வில் உள்ளது என்று இருந்தது. எழுப்புவதற்கான பொத்தானை அழுத்தினாள். ஒரு வளையம் சுழல ஆரம்பித்தது. சில நிமிடங்கள் ஆகலாம் என்றது.

மனோகரனை அழைத்தாள்.

"அங்கிள், அப்பாவத் தூக்கிருங்க. இப்பவே."

"என்னம்மா, அலாரம் அடிக்கலையே."

"அது நின்னு போச்சு. ஆறு ஏறிக்கிட்டு இருக்கும்."

"நின்னு போச்சா? என் போன்ல பச்சையால்ல இருக்கு. வெயில் மண்டையப் பொளக்குது, நீ வேற."

"இங்க கொட்டுது அங்கிள். இந்தத் தண்ணி அங்கதான் வரும்."

"அலமாக், பயப்படாதம்மா. என் பையன் வந்ததும் போய்ப் பாக்குறோம். மனுசன விட முன்னாடி அதுவே சொல்லிரும்னு நீதானே சொன்ன?"

வாட்சாப் குழுவில் செய்தி போட்டாள்: ஆறு ஏறுகிறது, வெளியே போங்கள். யாரோ விதியை ஞாபகப்படுத்தினார்கள். கீழே ஒரு சிரிக்கும் முகம். பொம்பாவுக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு, அழைத்தாள். படகுகள் எல்லாம் ஏற்கெனவே மேற்கரைக் கிராமங்களுக்குப் போயிருந்தன, வருவோம் என்றார்கள்.

காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. கைப்பேசி பக்கத்து இருக்கையில், அப்பா அதன் ஒலிபெருக்கியில்.

"யம்மா, பின்கதவு கிட்ட ஈரமா இருக்கு. காலைல தண்ணி ஊத்துனியா?"

"இல்லப்பா. நாற்காலிய முன்வாசலுக்குத் தள்ளுங்க."

"தள்ளிட்டேன். படிய எப்படி எறங்குறது?"

"பக்கத்து வீட்ல கூப்பிடுங்க. சத்தமாக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. வைப்பர் போய்ப் போய் வந்தது.

"சக்கரம் சுத்தமாட்டேங்குது. தண்ணி வேகமா வருதும்மா. சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டேன்."

"விடாதீங்க."

பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும். அதற்குள்ளிருந்து கீச்சென்று அந்த ஒலி கிளம்பியது. ஒரே சமயத்தில் அவள் கைப்பேசியிலும் அடித்தது. மஞ்சள் இல்லை. நேரே சிவப்பு. தளம் அப்போதுதான் விழித்திருந்தது.

"அடிக்குதும்மா" என்றார் ஐயாசாமி. குரலில் பெருமை இருந்தது. "உன்னோடது அடிக்குது."

தாமான் முழுக்க ஓடியது. மனோகரன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் ஐயாசாமி கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், ஒற்றைக் காலில். தண்ணீரில் வந்த தகரம் ஒன்று அந்தக் காலை வெட்டியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் துணி மாற்றும்போதுதான் பார்த்தார்கள்.

புண் ஆறவில்லை. மருத்துவமனையில் அந்தக் காலையும் எடுத்தார்கள்.

மனோகரன் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார்.

"அடிச்ச உடனே ஓடுனோம்லா. ஒருத்தன் பாக்கியில்ல, அத்தனை பேரும்."

"அதுக்கு முன்னாடி நான் கூப்பிட்டேன் அங்கிள்."

"கூப்பிட்ட. ஆனா அது அடிக்கலையே."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

தேன்மொழி தளத்தைப் பற்றிச் சொன்னாள். ஓய்வைப் பற்றி, சென்சரின் மௌனத்தைப் பற்றி, இரண்டும் சேர்ந்துபோனதைப் பற்றி. அவர் பழங்களை மேசையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"இப்ப சரி பண்ணிட்டல்ல?"

பண்ணியிருந்தாள். தனி செர்வர் எடுத்தாகிவிட்டது. பெரிய பேட்டரி போட்டாகிவிட்டது. ஒன்றும் மாறாவிட்டாலும் சென்சர் பேசிக்கொண்டே இருக்கும். அது பேச்சை நிறுத்தினால் அதற்கே அலாரம் அடிக்கும்.

"பண்ணிட்டேன்."

"அப்பறம் என்ன? அக்கரைத் தாமான்லயும் கேக்குறாங்க. அங்க முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு, பாதிப் பேர் படுத்த படுக்கை. அவங்களுக்கும் போட்டுக் குடு."

"போடுறேன். ஆனா அந்த விதிய எடுத்துருங்க அங்கிள்."

"எந்த விதி?"

"அலாரம் அடிக்காம யாரும் பேசக் கூடாதுங்கிறது."

மனோகரன் சிரித்தார். "அத எடுத்தா அவனவன் இஷ்டத்துக்குக் கத்துவான். உன்னோடதுதான் இப்ப சரியாயிருச்சே."

ஐயாசாமி தலையணையிலிருந்து தலையைத் திருப்பினார். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"அவரு சொல்றதுதாம்மா சரி" என்றார்.