ஞானாபரணம் சார் தவறவிட்ட பூஜ்யம்

கணக்கு வாத்தியார் வேலையில், வகுப்பில் தூங்குகிற மாணவனால் ஒரு தொல்லையும் இல்லை. விழித்திருப்பவன்தான் ஆபத்து, அவன் கேள்வி கேட்பான். சாக்பீஸ் தூள் தின்றே காலம் தள்ளிய சகபாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் கணிதப் பேராசிரியர் ஞானாபரணம் சாருக்குக் கீழே இருபது வருஷம் டியூட்டராக இருந்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வேதத்தையும் கணிதத்தையும் ஒரே அளவில் நம்பியவர். நான் விடுமுறைப் பட்டியலை மட்டும் நம்பியவன்.

கண்ணை மூடினால்

பாடம் தொடங்குமுன் சார் ஒரு நிமிஷம் கண்ணை மூடி மௌனமாக ஜெபிப்பார். அந்த ஒரு நிமிஷத்தைக் கடைசி பெஞ்சுக்காரர்கள் வீணாக்குவதில்லை. அவர் கண் திறக்கும்போது வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

பொறுக்க முடியாமல், "ஜெபத்துக்கு முன்னாடி கதவைச் சாத்திடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்வே. ஓடிப்போறவனுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணுதேன். திரும்பி வந்தாம்னா கதவு திறந்து கிடக்கணும்லா?"

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

மீனாட்சிபுரத்துச் சின்னச்சாமி ஓடிப்போகாத ரகம். பல்கலைக்கழகப் பரீட்சைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கல்லூரியில் வைக்கும் தேர்வில், ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு விடை எழுதியிருந்தான்: ஒன்று ஏழு, மற்றது பூஜ்யம். சார் இரண்டு பக்கத்தையும் x-ஆல் வகுத்து, ஏழு மட்டுமே விடை என்று வைத்திருந்தார். பூஜ்யம் என்று எழுதியவனுக்குப் பூஜ்யமே கொடுத்தார். அந்த ஒரு கணக்கில் பையன் தேறாமல் போனான்.

தாளைச் சரிபார்த்தவன் நான். x-ஆல் வகுத்ததில் பூஜ்யம் என்ற விடை தொலைந்துபோயிருந்தது, பையன் எழுதியதுதான் சரி என்று தெரிந்தது. பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன். பேராசிரியர் தாளில் டியூட்டருக்கு என்ன கேள்வி என்று தோன்றவே, ரப்பரால் அழித்துவிட்டேன். மறுநாள் சின்னச்சாமி வராந்தாவில் என்னை நிறுத்தினான்.

"ஏனுங்க சார், பூஜ்யம் ஒரு விடை இல்லீங்களா?"

திங்கட்கிழமை

எட்டு மாதம் கழித்து, புது வகுப்பில் அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்த சார் பாதியில் நின்றார். வகுப்பின் பக்கம் திரும்பி, "போன வருஷம் ஒரு பிள்ளையை நான் தப்பாத் தோக்கடிச்சிட்டேன்" என்றார். கடைசி பெஞ்சுகூட விழித்துக்கொண்டது.

செய்தி பிரின்சிபாலுக்குப் போயிற்று. கல்லூரியின் மானம் ரயிலேறிப் போய்விட்டதாக அவருக்குக் கவலை. சாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல கேக்கற மன்னிப்பு போறாதா ஓய், திங்கக்கிழமை கிளாஸ்லயும் கேக்கணுமா?"

எருமையின் முன்னிலையில்

தசரா விடுமுறை வந்ததும் சார் விடைத்தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மீனாட்சிபுரம் புறப்பட்டார். "நீரும் வாரும்" என்றார். வீட்டில் உறங்கலாம் என்றிருந்த நானும் வண்டியேறினேன்.

சின்னச்சாமியின் அப்பா எருமை கறந்துகொண்டிருந்தார். சார் சாணத்தில் பூட்ஸ் புதைய நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் கறப்பதை நிறுத்தவேயில்லை. செம்பு நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"பையன் தேயிலைத் தோட்டத்துக்குப் போயி ஏழு மாசமாச்சுங்க. அவங்கிட்டச் சொல்ல வேண்டியத என்ற எருமைகிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

மலை ஏறுகையில்

உடுமலைப்பேட்டை தாண்டி மாட்டுவண்டி, அப்புறம் நடை. மழை வேறு. அட்டைகளுக்குப் பேராசிரியர், டியூட்டர் என்ற பேதமில்லை. அறுபதை நெருங்கிய சாருக்கு மூச்சு இரைத்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றார்.

அந்த மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை. "சார், அவன் எழுதினது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டையை நிதானமாகப் பிய்த்துப் போட்டார்.

"தெரியும்வே. பென்சில் குறிய அழிச்ச தடம் தாள்ல இருக்கு. இல்லேன்னா உம்மை எதுக்கு இம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு வாரேன்?"

கொழுந்து நிறுக்கும் இடம்

சின்னச்சாமி தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகி, பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தான். சார் கூடைக்காரிகளின் வரிசையில் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் திருத்திய தாளை நீட்டி, "தப்பு என்னுது. நீ எழுதினதுதான் சரி. கல்லூரிக்குத் திரும்பி வா, நானே சொல்லித் தாரேன்" என்று கைகூப்பினார். பையன் தாளை வாங்கினான். தாளையே பார்த்துக்கொண்டு நின்றான், கண் கலங்கியிருந்தது. நான் அக்கறையாகத் தராசை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்குள் இன்னொருத்தி கூடையோடு வந்து சேர்ந்தாள்.

"அழுகையெல்லாம் பெறவு வச்சுக்கிடுங்க அய்யா, மொதல்ல என் கூடைய இறக்குங்க!"

கல்லறைத் தோட்டம்

சின்னச்சாமி திரும்பி வந்தான். அடுத்த பரீட்சையில் கணக்கில் முதல் வகுப்பு, ஆங்கிலத்தில் தோல்வி. அதற்கு அடுத்த வருஷம் ஆங்கிலமும் அவனை விட்டுவிட்டது. ஊர்ப்பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியாரானான்.

சில வருஷங்களில் சார் காலமானார். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகும் சின்னச்சாமி மண்மேட்டருகே நின்றிருந்தான். "எப்பேர்ப்பட்ட மனுஷர்!" என்று ஆரம்பித்தேன். அந்த மாதிரிப் பேச்சு எனக்கு நன்றாக வரும். அவன் மரியாதையாகக் குறுக்கிட்டான்.

"அவரு அத்தன தூரம் மலையேறி வந்து கேட்டாருங்க. நீங்களும் கூடவே வந்தீங்க, வராந்தாவுல நான் கேட்டதுக்கு ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு அன்னைக்குப் பூராவும் பாத்துட்டே இருந்தனுங்க சார்."

அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நல்ல மனிதரோடு இருபது வருஷம் இருந்தால் நல்ல புத்தி வரும் என்கிறார்கள், எனக்கு அவரைப் புதைத்த பிறகு வந்தது.