நீரரமகளிருக்கு ஒரு பாவாடை

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே, சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, மேலநீலிதநல்லூர் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு தை மாதமும் சித்திக்குப் புதுப் பாவாடை சட்டை எடுத்து, பொங்கலிட்டுப் படைப்போம். படைத்த துணியை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது நான் ஒருத்திதான்.

அதனால் சித்தியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீபாவளியை விட்டால் புதுத்துணி அவள் புண்ணியத்தில்தானே! ஆனால் அம்மா வருஷா வருஷம் ஒரே அளவில்தான் எடுத்தாள். நானோ மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தேன். முந்தின வருஷப் பாவாடை முழங்காலுக்கு ஏறி, சட்டை அக்குளைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி பண்ணி மானமே போய்விட்டது. இந்தத் தடவை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிப்பாள். அன்றைக்கு அவள் வாயில் வந்த சொல் நீரரமகளிர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“தண்ணிக்குள்ள குடியிருக்க தெய்வப் பொம்பளைங்கட்டி. மலையில இருந்தா வரையரமகளிர், தண்ணியில இருந்தா நீரரமகளிர்.”

பழைய பாட்டுகளில் சுனைக்கரையில் அழகான பெண்ணைப் பார்த்தவன், இவள் மனுஷிதானா, நீரரமகளா என்று திகைத்துப்போவானாம். ஆழமான மடுவைச் சொல்லிப் பயமுறுத்தும்போதும் அவர்களே வருவார்களாம். அத்தை சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அதெல்லாம் எதற்கு? மகளிர் என்றால் பெரிய பெண்கள். அது போதும்.

சங்கரன்கோவில் ரதவீதி ஜவுளிக்கடையில் அம்மா வழக்கமான அளவைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்தேன்.

“எம்மா, கெணத்துல இருக்க சித்தி இப்ப நீரரமகளிர். அத்தை புஸ்தகத்துலயே போட்டிருக்கு. இன்னேரம் வளர்ந்திருப்பால்லா? இது எப்படிப் பத்தும்? பெருசா எடும்மா.”

வாதம் அபாரம் என்று எனக்கே தோன்றியது. முதுகில் ஒன்று விழும் என்றும் எதிர்பார்த்தேன். அம்மாவோ பெரிய பாவாடை ஒன்றைக் காட்டச் சொல்லி, பிரித்து, தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “இது இவளுக்கு” என்று அதை என் கையில் தந்துவிட்டு, சின்னதை மறுபடி எடுத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன்!

கடைக்கார அண்ணாச்சி அந்தச் சின்னப் பாவாடையை மடித்தபடி, “பிள்ள எத்தனாப்பு படிக்கா?” என்று கேட்டார்.

“அஞ்சாப்பு” என்றாள் அம்மா.

“ஏழாப்பு!” என்று நான் கத்தினேன்.

சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்றுகூடத் தெரியாத அம்மா எனக்கென்று வாய்த்தாளே என்று வீடுவரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். சித்தி கிணற்றுக்குப் போனது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என்பது அப்போது எனக்குத் தெரியாது.